அடுப்படி சாக்கெட்டும் என் கையெழுத்தும்

ஜனவரி 25, ஞாயிறு

காலையில் கடும் பனிமூட்டம். எதிர்க் கட்டடமே தெரியவில்லை. பால்கனியில் துணி காயவில்லை. அதற்கும் நான்தான் காரணம் என்பதுபோல் கவிதா ஒரு பார்வை.

கம்பெனியை விட்டாயிற்று. இப்போது சொந்தமாக எலக்ட்ரீஷியன் வேலை. விசா மனைவி பேரில். அதாவது விசாவுக்குப் பொறுப்பான என் கஃபீல் கவிதா. பழைய ரூம்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பழைய கஃபீலின் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. இந்தக் கஃபீல் காபி போட்டுத் தருகிறாள்.

ஒரே சிக்கல். வேலை வருகிறது, கையெழுத்துப் போட முடியவில்லை. ஏதாவது ஒரு சான்றிதழ்த் திட்டத்தில் பதிந்திருந்தால்தான் 'இந்த வயரிங் சரி' என்று நானே எழுதிக் கொடுக்கலாம். கம்பெனியில் இத்தனை வருஷம் வயர் இழுத்தது நான். கையெழுத்துப் போட்டது சைட் பக்கமே வராத இன்ஜினியர். போதும்.

இருப்பது இரண்டு திட்டம்.
1. மூன்று நாள் வகுப்பு, கம்ப்யூட்டரில் பரீட்சை, கையில் அட்டை. யாரும் வந்து பார்ப்பதில்லை.
2. ஆள் வருவார். முடித்த வேலையைத் திறந்து, மீட்டர் வைத்துப் பார்ப்பார். தோற்றால் ஆறு மாதத்துக்கு மறுபடி கேட்க முடியாது.

எனக்குப் பொறுமை கிடையாது. 1-தான்.

மதியம் மீன் குழம்பு. உப்பு கம்மி. சொல்லவில்லை. சொன்னேன். சண்டை.

ஜன. 26, திங்கள்

பழைய ஃபோர்மேன் போன். குவைத்தில் மங்காஃப் பக்கம் புது சைட், ஆள் வேண்டுமாம். "யெல்லா, எப்ப வர்றே? டிக்கெட் போடவா?" பிப்ரவரி முடியட்டும் என்றேன்.

கவிதாவுடன் போட்ட ஒப்பந்தமும் அதுதான். பிப்ரவரிக்குள் சான்றிதழ் கையில். இல்லையென்றால் நான் திரும்ப கம்பெனிக்கு. அப்படியென்றால் நான் மங்காஃபில், அவள் இங்கே சத்வாவில். கல்யாணம் ஆகி இரண்டு வருஷம்தான் ஆகிறது. கம்பெனி கேம்ப் சோறு வேறு.

முருகனிடம் கேட்டேன். என்னோடு பாலிடெக்னிக்கில் படித்தவன், திட்டம் 1 அட்டை வைத்திருக்கிறான். "ஏல, யோசிக்காத. பதில் எல்லாம் அவனுவளே தந்துருவானுவ. எவன்ல டிபி பெட்டியத் தொறந்து பாக்கப் போறான்?"

நாளைக்குப் பணம் கட்டிவிடலாம்.

ஜன. 27, செவ்வாய்

கட்டவில்லை.

காலையில் பஷீர் காக்கா கடை. காயல்பட்டினத்துக்காரர், இரண்டு தெரு தள்ளி தையல் கடை. பெருநாள் துணி குவிந்து கிடக்கிறது. இன்னும் இரண்டு ஸ்டீம் அயர்ன் வேண்டும். வயரிங்கைச் சரிபார்த்துச் சான்றிதழ் தந்தால்தான் கட்டட ஆபீஸ் கூடுதல் கரண்ட் தரும். நோன்பு தொடங்குவதற்குள் ஆக வேண்டும்.

பிரேக்கர் பெட்டியின் கதவில் பளபளவென்று ஒரு ஸ்டிக்கர். திட்டம் 1. பரிசோதித்தது, பாதுகாப்பானது என்று. கதவைத் திறந்தால், ELCB-யைச் சுற்றி ஒரு வயரை வளைத்து நேரே கொடுத்திருக்கிறான். ஷாக் அடித்தால் கரண்டைத் துண்டிக்க வேண்டிய சாமானே வேலையில் இல்லை. ஈரத் துணி, ஸ்டீம் அயர்ன், ஐந்து தையல்காரர்கள்.

"முன்னால அடிக்கடி ட்ரிப் ஆவும் தம்பி. அந்த ஆளு வந்த பொறவு ஒருக்கா கூட ஆவல. நல்ல வேலைக்காரன்" என்றார் காக்கா.

"காக்கா, இனி எப்பவுமே ஆவாது. ஆள் செத்தாலும் ஆவாது."

அவர் சிரிக்கவில்லை. உடனே எல்லா அயர்னையும் பிடுங்கச் சொன்னார்.

சாயங்காலம் வரை அங்கேதான். ELCB-யைத் திரும்பச் சேர்த்தேன். கடையின் மாடித் தட்டு லைட்டைப் போட்டால் ELCB படக்கென்று விழுகிறது. எவனோ அந்த லைட்டுக்கு நியூட்ரலைப் பக்கத்து லைனிலிருந்து எடுத்திருக்கிறான். ஒரு வழியாகப் போன கரண்ட் வேறு வழியாகத் திரும்பினால், கசிவு என்றுதான் அது நினைக்கும். தப்பு அதன்மேல் இல்லை. நியூட்ரலைப் பிரித்து அதன் லைனில் போட்டேன். இப்போது விழாமல் நிற்கிறது.

வேலை முடிந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி. அந்த ஸ்டிக்கரோடு என் பேர் வர வேண்டாம். திட்டம் 2.

கவிதாவிடம் சொன்னேன். "தோத்துட்டா?" என்றாள். மங்காஃப் என்றேன். மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். பிறகு, "சரி, ஜெயிச்சுருங்க." அவ்வளவு சுலபம்.

பிப்ரவரி 1, ஞாயிறு

விண்ணப்பம் அனுப்பியாயிற்று. முடித்த வேலைகள்: காக்கா கடை, கராமாவில் ஒரு சலூன், ஒரு வில்லாவின் தோட்ட லைட். தொழில் முகவரி: வீடு. ஆபீஸ் வைக்க எனக்கென்ன கிறுக்கா. விதிமுறை முப்பது பக்கம். முதல் நாலைப் படித்தேன், கீழே டிக் அடித்தேன்.

கவிதா ஹாலில் சோபா பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மிக்ஸியில் இட்லிக்கு அரைக்கிறாள். அடுப்படி சாக்கெட்டில் கரண்ட் வருவதில்லை. "ஊருக்கெல்லாம் வயரிங். என் உளுந்துக்கு ஹால்." அடுத்த வாரம் என்றேன். "எந்த வருஷத்து அடுத்த வாரம்?"

வாங்க: டேப், மீட்டருக்கு பேட்டரி, உளுந்து.

பிப். 6, வெள்ளி

காலையில் லேசான தூறல். ஊரே வெளியே நின்று போன் எடுத்துப் படம் பிடிக்கிறது.

ஆய்வாளர் வந்தார். நேசன், யாழ்ப்பாணத்துக்காரர். காக்கா கடைக்கு அழைத்துப் போக, இஸ்திரி போட்ட சட்டையோடு கீழே நின்றேன்.

"கடைக்குப் பிறகு போவம் தம்பி. பதிஞ்ச முகவரி இதுதானே? முதல்ல உங்கட வீட்டைக் காட்டுங்கோ."

"வீடா? எதுக்கு சார்?"

"தொழில் முகவரியும் ஆய்வுக்குள்ள வரும். பதினோராம் பக்கம். வாசிக்கேல்லையோ?"

லிஃப்டில் போனை எடுத்துப் பதினோராம் பக்கத்தைத் தேடினேன். கவிதாவுக்கு வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்தே வேலை. கதவைத் திறந்தால், ஹால் தரையில் மிக்ஸியில் தேங்காய்ச் சட்னி அரைபடுகிறது. மிக்ஸியிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயர், நடுவில் கறுப்பு டேப் சுற்றியது, டிவிக்குப் பின்னால் போகிறது.

நேசன் வயரின் கூடவே நடந்து போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். "உது என்ன?"

"அத அவங்ககிட்ட கேளுங்கண்ணா. ரெண்டு வருஷமா நானும் கேக்கேன்."

இப்படி ஒரு கஃபீல்.

அடுப்படி சாக்கெட்டைக் கழற்றினார். எர்த் வயர் தனியே தொங்குகிறது. என்னைப் பார்த்தார். நான் ஃபிரிட்ஜைப் பார்த்தேன். அவர் ஏதோ குறித்துக்கொண்டு, "சட்னி நல்ல வாசம்" என்றார். இரண்டு இட்லி சாப்பிட்டார்.

பிறகு கடை. பெட்டியைத் திறந்து ஒவ்வொரு லைனாக மீட்டர் வைத்தார். நானும் என் மீட்டரை வைத்தேன். ஒத்துப்போனது. சொல்லாமல் ELCB டெஸ்ட் பட்டனை அழுத்தினார். எல்லாம் இருட்டு. மெஷின்கள் நின்றன. "அரே பாய்" என்று மேலே இருந்து ஒரு கூச்சல். எனக்கு அந்த இருட்டு அத்தனை அழகு. திரும்பப் போட்டு, மாடி லைட்டையும் போட்டார். விழவில்லை.

காக்கா பேரீச்சம்பழமும் டீயும் கொடுத்தார். "நல்ல புள்ளதான் சார். வாய்தான் கொஞ்சம் காரம்."

"அது வீட்டிலயும் விளங்கிச்சு" என்றார் நேசன்.

முடிவு பிறகு சொல்வார்களாம்.

பிப். 7, சனி

ஃபோர்மேன் இரண்டு தடவை போன். எடுக்கவில்லை.

கவிதா கிண்டல் செய்யவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. அரைக்கவும் இல்லை, கடையில் மாவு வாங்கி வந்திருக்கிறாள். "நான் சும்மா இருந்திருக்கலாம், இல்ல?" என்றாள்.

"நீ சொன்னதால சாக்கெட் கெட்டுப்போகல. நான் மாட்டாததாலதான்."

"இத ரெக்கார்ட் பண்ணிக்கவா?"

சிரித்துவிட்டோம். ஆனாலும் தூக்கம் இல்லை.

பிப். 10, செவ்வாய்

பாஸ். பாஸ். பாஸ்.

கராமாவில் ஏணிமேல் இருந்தபோது மெயில். கீழே இறங்கிப் படித்தேன். கடை வேலைக்குக் குறை ஒன்றும் இல்லை. ஒரே நிபந்தனை: வீட்டு அடுப்படி சாக்கெட்டைச் சரிசெய்து, பரிசோதித்து, முறைப்படி நானே சான்றிதழ் எழுதி, வீட்டுக்காரர் கையெழுத்தோடு அனுப்ப வேண்டும். அது சேர்ந்ததும் பதிவு எண் உறுதி. காக்காவின் சான்றிதழ் அதற்கு அடுத்தது.

ஃபோர்மேனுக்கு நானே போன் அடித்தேன். மங்காஃப் மாஃபி, நான் வரவில்லை. கலாஸ். கொஞ்சம் திட்டிவிட்டு, "இங்க என் வீட்ல ஒரு ஏசி பாயிண்ட் போடணும், வருவியா?" என்றார்.

காக்காவிடம் சொன்னதும் கடை முழுக்க கரக் டீ வாங்கித் தந்தார். கவிதாவுக்குப் போன். மீட்டிங்கில் இருக்கிறேன் என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, வைக்காமல் அப்படியே இருந்தாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம். பின்னால் யாரோ இங்கிலீஷில் பட்ஜெட் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பிப். 11, புதன்

விடிந்ததும் அடுப்படி. புது சாக்கெட், எர்த் இறுக்கம், எல்லா டெஸ்டும் சரி. எக்ஸ்டென்ஷன் வயர் குப்பையில். மிக்ஸி அடுப்படியில் ஓடுகிறது. இவ்வளவு நேரம்தான் ஆகும் என்று கவிதாவுக்குத் தெரியாமல் மெதுவாகச் செய்தேன். தெரிந்துவிட்டது.

சான்றிதழ் எழுதினேன். எண் 1. பரிசோதித்தவர் என்ற இடத்தில் என் பேர், என் கையெழுத்து. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்ஜினியர் கையெழுத்தைவிட நன்றாக இருக்கிறது.

வீட்டுக்காரர் என்ற இடம் காலி; வாடகைச் சீட்டும் கவிதா பேரில்தான். பேனாவை நீட்டினேன். கவிதா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முதல் வரியிலிருந்து படிக்கிறாள். ஒரு வரி விடவில்லை. ஆபீசுக்கு நேரமாகிறது என்றேன். பதினோராம் பக்கம் ஞாபகம் இருக்கட்டும் என்றாள். கடைசி வரி வரை வந்தாயிற்று. பேனா மூடியைக் கழற்றினாள். திரும்ப மூடினாள்.

"பாத்ரூம் ஃபேன்?"

ஏணி எடுக்கப் போகிறேன்.