டாக்டரம்மாவிடம் சொல்லாத இலைக்கஞ்சி

என்னை இடுப்பில் தூக்கி வளர்த்த அக்காவுக்கு,

பதுளை ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். என் மகள் மலருக்கு இப்போதுதான் இரத்தம் எடுத்தார்கள். நீ போன பிறகு பிறந்தவள். முகத்தில் உன் சாடை. காலையில் பல் விளக்கும்போது ஈறிலிருந்து இரத்தம் வந்தது. நிற்கவேயில்லை. பண்டாரவளையிலிருந்து வேனை எப்படி ஓட்டி வந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

மலருக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்காமல் போயின. அப்புறம் இடது கால் வீங்கியது. உனக்கும் அப்படித்தானே, அக்கா? கொஸ்லந்த தேயிலைத் தோட்டத்து லயத்தில் உன் காலுக்குப் பத்துப் போட்டு, நீர் இறங்கியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தோம். நாலாம் நாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் பேர் கொடுக்கப் போகிற வழியில், மூச்சு வாங்குகிறது என்று ஒரு கல்லில் உட்கார்ந்தாய். எழுந்திருக்கவில்லை.

இந்த முறை நான் விடவில்லை. ஸ்கேனில் காலுக்குள் இரத்தக்கட்டி தெரிந்தது. இரத்தத்தைச் சோதித்து, பன்னிரண்டு வாரம் கழித்து மறுபடியும் சோதித்து, அதன் பிறகுதான் நோயை உறுதியாகச் சொன்னார்கள். கிருமியோடு சண்டை போட வேண்டிய எதிர்ப்புச் சக்தி, அவள் இரத்தத்தையே உறைய வைக்கிறதாம். அதற்கு வார்ஃபரின் மாத்திரை, தினமும். மருந்து குறைந்தால் இரத்தம் உறையும், கூடினால் கசியும். உனக்கும் இதேதான் இருந்ததோ? டாக்டரம்மாவாலும் அதைச் சொல்ல முடியவில்லை.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். "கீரை சாப்பிட வேண்டாமெண்டு சொல்லேல்லை. ஒவ்வொரு நாளும் ஒரே அளவாச் சாப்பிடுங்கோ. கீரை கூடினா மருந்தின்ர வேலை குறையும், கீரை குறைஞ்சா வேலை கூடிப்போகும்" என்று முதல் நாளே சொன்னார்.

நான் கேட்டேனா? சந்தையில் மூட்டை தூக்கி, பிறகு கீரைக்கடை போட்டு முன்னுக்கு வந்தவன். இரத்தத்தில் கோளாறு என்றால் கீரையைத் தவிர வேறென்ன என்று நினைத்தேன். நல்ல வல்லாரையாகப் பொறுக்கி வந்து, தினமும் விடிந்ததும் நானே அரைத்து இலைக்கஞ்சி காய்ச்சினேன்.

"அப்பா, டாக்டர் ஒரே அளவுன்னு சொன்னாங்களே."

"அவங்க மருந்துக்குப் படிச்சவங்க. கீரையப் பத்தி எனக்குத் தெரியாததா? குடிம்மா."

குடித்தாள். போன கிளினிக்கில் பார்த்தபோது மருந்து போதவில்லை, இரத்தம் மறுபடியும் உறையப் பார்க்கிறது என்றார்கள்.

"குளிசையை ஒழுங்காப் போடுறீங்களோ? பொய் சொல்லக் கூடாது" என்று டாக்டரம்மா கடிந்துகொண்டார்.

"ஒரு நாளும் விடலைங்க" என்றாள் மலர். என் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். கஞ்சியைப் பற்றி வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. மாத்திரையைக் கூட்டி எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து நான் செய்ததுதான் பெரிய மடத்தனம். பயத்தில் கஞ்சியை அடியோடு நிறுத்தினேன். சோற்றில்கூட ஓர் இலை விழ விடவில்லை. கஞ்சிக்கு ஈடாகக் கூட்டிய மருந்து, கஞ்சி இல்லாமல் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. இது ஏன் எனக்கு உறைக்கவில்லை, அக்கா?

இப்போது மலர் பஞ்சைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் இருக்கிறாள். தலைக்குள்ளும் இரத்தம் கசியலாமாம்; தலை வலித்தால் உடனே கூப்பிடச் சொல்லியிருக்கிறார் தாதி. அதனால் நிமிடத்துக்கு ஒரு தடவை கேட்கிறேன்.

"இல்லப்பா. நீங்க கேட்டுக் கேட்டே வர வச்சிருவீங்க போல."

சிரிக்கப் பார்க்கிறாள். பல்லெல்லாம் சிவப்பு.

தாதியிடமும் நான் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. நாக்கு வரைக்கும் வந்து நிற்கிறது. உன்னைப் பறிகொடுத்தது தெரியாத்தனம். இவளுக்கு ஏதாவது ஆனால், அதற்கு என்ன பேர் வைப்பேன்?

டாக்டரம்மா நடைவழியில் வருகிறார். கஞ்சி கொடுத்ததையும், நிறுத்தியதையும், அன்றைக்கு வாயை மூடிக்கொண்டதையும் மலருக்கு முன்னாலேயே சொல்வேன். "மறைச்சது என் மகள் இல்லைங்க, நான்" என்று சொல்வேன். உன்மேல் ஆணை, அக்கா. எழுந்துவிட்டேன்.

உன் கூடப்பிறந்தவன்,
மலரின் அப்பன்