வீட்டுக்கென்று விட்டுவைத்த பாத்தி

லின்கெங், ஃபூஜியான்
செப்டம்பர் 19

அன்பு மருமகள் பெய்ஷானுக்கு,

வயிற்றுப் பிள்ளையோடு நீ நன்றாக இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டே உன் மாமியார் சுன்மெய் எழுதுகிறேன். காலையில் போனில், நான் அனுப்பிய உலர்காளானைத் தொடாதே என்றதும் சிரித்தாய். "என்ன அத்தை, நேத்து வரைக்கும் சூப் குடிச்சியான்னு கேட்டு உயிரை எடுத்தீங்க!" என்றாய். நான் அப்படியே போனை வைத்துவிட்டேன். உன் புருஷனைக் கூப்பிட்டுப் பை முழுவதையும் கொட்டச் சொன்னேன். காரணம் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் இந்த விரைவுத் தபால்.

காளான் பாத்தியின் மேல் நாம் மூடுகிற செம்மண்ணில் காட்மியம் என்ற நஞ்சு இருக்கிறது, காளான் அதை உறிஞ்சிக்கொள்ளும் என்று வேளாண் நிலையத்துத் தெங் மூன்று வருடமாகச் சொன்னாள். சுண்ணாம்புத் தூளும் உமிக்கரியும் மண்ணில் கலந்தால் நஞ்சு காளானில் அவ்வளவாக ஏறாதாம். ஏற்றுமதிக்காரர்களும் கேட்டார்கள், கலந்தோம். ஆனால் வீட்டுச் சாப்பாட்டுக்கென்று வைத்த ஓரத்துப் பாத்தியை மட்டும் நான் தொடவிடவில்லை. "விக்கிறதுல எதையாவது கொட்டித் தொலைங்க. என் வீட்டு ஆளுங்க வாயில நான் சுண்ணாம்பு வைக்க மாட்டேன்" என்றேன். இந்த ஊரில் எல்லார் வீட்டிலும் அப்படி ஒரு பாத்தி உண்டு.

போன வாரம் தெங் சோதனைக்குக் காளான் எடுக்க வந்தாள். எனக்கு இருந்த திமிரில், "இதையும் சோதிச்சுப் பாரு, சுத்தமான காளான்னா என்னன்னு தெரியும்" என்று நம் பாத்திக் காளானையும் கொடுத்தனுப்பினேன். இன்று விடிந்ததும் முடிவோடு வந்தாள். விற்கிற காளானில் நஞ்சு அரசாங்கம் வைத்த அளவுக்குள் இருக்கிறது. நம்முடையதில் அந்த அளவைப் போல ஏழு மடங்கு. "அம்மா, இதை யாரு சாப்பிடுறாங்க?" என்று மெதுவாகக் கேட்டாள். ஐயோ, நான் என்னவென்று சொல்வேன்! ஊர் பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் நல்லதை அனுப்பிவிட்டு, ஐந்து மாதமாக உனக்கு நஞ்சைப் பொட்டலம் கட்டியிருக்கிறேன்.

உன் மாமனார் மண்வெட்டியால் அந்தப் பாத்தியை வெட்டிப் போட்டார். புயலில் பிய்ந்த நம் வீட்டுக் கூரையைச் சரிசெய்தாயிற்று. அதெல்லாம் இப்போது யாருக்கு வேண்டும்.

நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. ரத்தமும் சிறுநீரும் சோதிக்கச் சொல். எவ்வளவு சாப்பிட்டாய் என்பதை மறைக்காதே. யார் கொடுத்தது என்று கேட்டால் மாமியார் என்றே சொல், எனக்காகப் பார்க்காதே. வீணாகப் பயந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்றும் தெங் சொன்னாள்.

பெய்ஷான், ஒன்று கேட்கிறேன். அந்தக் காளான் சூப் வாடை குமட்டுகிறது என்று முதல் மாதமே சொன்னாய். "பட்டணத்து மகராசிக்கு மலைச் சாப்பாடு இறங்காதோ" என்று நான் குத்திக் காட்டினேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் குடித்துவிட்டேன் என்றாயே, அது பொய்யாக இருக்கக் கூடாதா? எனக்குத் தெரியாமல் தொட்டியில் ஊற்றியிருந்தால் அப்படியே எழுது, அம்மா. 'உங்களை ஏமாற்றிவிட்டேன்' என்று ஒரு வரி எழுது. உன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன்.

நீயும் பிள்ளையும் நூறு வருடம் இருக்க வேண்டும்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
சுன்மெய்