உனக்காக நீட்டிய இடது கை

நேற்று மாலை மகள் வீட்டைக் குடைந்துகொண்டிருந்தாள். மறுநாள் கணக்குப் பரீட்சை, கால்குலேட்டரில் பாட்டரி தீர்ந்துவிட்டது. சமையலறை இழுப்பறையில் பழைய சார்ஜர்களுக்கு அடியிலிருந்து விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் உன் ஆக்சிமீட்டரைக் கண்டுபிடித்து எடுத்து வந்தாள். "அம்மா, திஸ் ஹேஸ் டூ ட்ரிபிள் ஏ பாட்டரிஸ். கேன் ஐ டேக் தெம்?"

"ஒரு நிமிஷம் இரு" என்று வாங்கி, யோசிக்காமலே விரலில் மாட்டினேன். இடது ஆள்காட்டி விரல். எப்போது மாட்டினாலும் இடது கைதான். அது ஏன் என்று உன்னையும் பெரு நாட்டில் ஒரு மனிதரையும் தவிர யாருக்கும் தெரியாது. இப்போது நீயும் இல்லை.

கோயம்புத்தூர் ஹாஸ்டலில் உன் கட்டிலுக்கு மேலே காலண்டரிலிருந்து கிழித்த ஒரு படம் ஒட்டியிருப்பாய். மேகங்களுக்கு நடுவே இன்கா மக்கள் கட்டிய கல் ஊர், பின்னால் ஒரு கூரான மலை. கீழே 'மச்சு பிச்சு' என்று போட்டிருக்கும். பக்கத்து அறைப் பெண்கள் "உன் மச்சான் எப்படி இருக்கார்டி?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். நீ அசரமாட்டாய். "ரயில்லயும் போலாமாம். நான் நடந்துதான் போவேன். மலை ஏறிப் போனா கடைசி நாள் காலையில ஒரு கல்வாசல் வருமாம். அங்க நின்னு பார்த்தா மொத்த ஊரும் கீழ தெரியும்" என்பாய். அப்போது நம் இருவரிடமும் பாஸ்போர்ட் கூட இல்லை.

இருபத்துச் சொச்சம் வருடம் கழித்து, கடல் கடந்து வந்து சன்னிவேலில் இரண்டு தெரு தள்ளி இருந்துகொண்டு, அந்த வாசலுக்கு அனுமதிச் சீட்டு வாங்கினோம். குபெர்டினோவுக்குப் பின்னாலிருக்கும் மலையில் சனிக்கிழமைதோறும் ஏறிப் பழகினோம். எல்லாம் சரியாகச் செய்து, ஒன்றில் கோட்டை விட்டோம். உடம்பு உயரத்துக்குப் பழக, கிளம்புவதற்கு முன் கூஸ்கோ நகரத்தில் மூன்று நாள் தங்கச் சொல்லியிருந்தார்கள். ஒரு நாள் போதும் என்று முடிவு செய்தது நாம்தான்.

"டிசம்பர்ல ஊருக்குப் போகணும், பி.டி.ஓ. லீவு எங்க மிச்சம் இருக்கு? ஊட்டிக்கு ஒரே நாள்ல ஏறி இறங்குனவங்கடி நாம" என்றாய்.

நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். கூஸ்கோ ஊட்டியைவிட ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம் என்பது எனக்கும் தெரியும்.

நடையின் இரண்டாம் நாள் சாயங்காலம் மூவாயிரத்து எண்ணூறு மீட்டரில் கூடாரம். மழையும் குளிரும். காலையிலிருந்தே உனக்குத் தலைவலி, சாப்பிட்டது எதுவும் நிற்கவில்லை. என்னிடம் மட்டும்தான் சொன்னாய், அதுவும் தமிழில். கூட வந்தவர்களுக்கு முன்னால் தமிழ் நமக்கு ஒரு மறைவிடமாக இருந்தது. கூடாரத்துக்குள் உன் ஆக்சிமீட்டரை மாட்டிப் பார்த்தோம். எனக்கு எண்பத்து நான்கு. அந்த உயரத்துக்கு அது பரவாயில்லை என்று சொல்லியிருந்தார்கள். உனக்கு அறுபத்தெட்டு. விரலைத் தேய்த்து மறுபடியும் மாட்டினாய். அறுபத்தாறு.

வழிகாட்டி ஒவ்வொரு கூடாரமாக வந்துகொண்டிருந்தார். அவரிடமும் ஒரு கருவி, ஒரு நோட்டு. எண் குறைந்தால் கீழே அனுப்பிவிடுவார் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்.

நீ உன் ஊதா ஹேர்பேண்டைக் கழற்றி என் இடது மணிக்கட்டில் மாட்டினாய். "ரெண்டு கையையும் நீயே நீட்டு. மழைல அவர் உள்ள எட்டிப் பார்க்க மாட்டார்."

"வேணாம்டி. விளையாட்டு இல்ல இது."

"நாளைக்கு அந்தக் கணவாயைத் தாண்டிட்டா அப்புறம் இறக்கம்தான். இறங்க இறங்கச் சரியாயிடும். இருபது வருஷம்டி. என்ன ஆனாலும் சொல்லமாட்டேன்னு சொல்லு."

"சொல்லமாட்டேன்."

கூடாரத்தின் ஜிப்பைக் கொஞ்சமாகத் திறந்து, என் பெயருக்கு வலது கையை நீட்டினேன். உன் பெயருக்கு, உன் ஹேர்பேண்டோடு இடது கையை. எண்பத்து நான்கு, எண்பத்து மூன்று. "இரட்டைப் பிள்ளைகள் மாதிரி" என்று வெளியிலிருந்து சிரித்தார். நீ வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாய். நானும்தான் சிரித்தேன்.

மறுநாள் ஏறவேண்டிய இடத்துக்கு 'இறந்த பெண்ணின் கணவாய்' என்று பெயர். மலை முகடு படுத்திருக்கும் பெண்ணைப் போல இருப்பதால் அப்படி. முதல் ஒரு மணி நேரம் "இவங்களுக்கு வேற பேரே கிடைக்கலையா?" என்றெல்லாம் பேசிக்கொண்டு வந்தாய். பிறகு பேச்சு நின்றது. கல் படிகளில் உன் இடது கால் ஒவ்வொரு முறையும் ஓரமாகவே விழுந்தது. ஒரு பாறையில் உட்கார்ந்து, வலது கையுறையை இடது கையில் போடப் பார்த்தாய். வரவில்லை. கழற்றிவிட்டு மறுபடியும் அதையே இடது கையில். மூன்றாவது முறை நான் வாங்கிப் போட்டுவிட்டேன். மேலே கணவாய் தெரிந்தது. சிவப்பும் நீலமுமாக ஆட்கள் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே போக இன்னும் நாற்பது நிமிடம் இருந்திருக்கும்.

வழிகாட்டி கீழிருந்து வந்து உன் முன்னால் குந்தினார். ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார். "நாம் இப்போது எங்கே இருக்கிறோம், சொல்லுங்கள்."

நீ அவரை நேராகப் பார்த்து, மிகத் தெளிவாக, "காந்திபுரம். பஸ் இன்னும் வரல" என்றாய்.

அவர் என் பக்கம் திரும்பினார். முகத்தில் புன்னகை கூட இருந்தது. அவருக்கு அது ஏதோ ஒரு மொழியில் ஒரு பதில், அவ்வளவுதான். "என்ன சொல்கிறார்?"

அந்த மலையில் உன் பதில் தப்பு என்று தெரிந்த ஒரே ஆள் நான். 'களைப்பாக இருக்கிறது என்கிறாள்' என்ற வாக்கியம் என் வாயில் தயாராக இருந்தது. முந்தின சாயங்காலமே இரண்டு கையால் பொய் சொன்னவளுக்கு இது பெரிய வேலை இல்லை. நீ என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய். என்னை அடையாளம் தெரிந்து பார்த்தாயா என்பது இன்று வரை எனக்குத் தெரியாது.

என் ஜாக்கெட்டின் இடது கையை மேலே தள்ளி, ஹேர்பேண்டைக் காட்டினேன். "நாங்கள் படித்த ஊரின் பஸ் ஸ்டாண்டில் இருப்பதாகச் சொல்கிறாள். நேற்று நீங்கள் பார்த்த இரண்டு கையும் என்னுடையது."

அவர் திட்டவில்லை. என் மணிக்கட்டைப் பார்த்தார். "அப்படியானால் நேற்று நான் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன்" என்றார். பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஆக்சிஜன் புட்டி வந்தது, உன்னை இரு பக்கமும் தாங்கிக்கொள்ள சுமைதூக்கும் ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். குழுவைத் துணை வழிகாட்டியிடம் ஒப்படைத்துவிட்டு அவரும் நம்மோடு இறங்கினார்.

அறுநூறு மீட்டர் இறங்கிய பிறகு உனக்குத் தெளிந்தது. நின்று, திரும்பி, மலையைப் பார்த்தாய். "ஏன்டி இறங்கறோம்?" அவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டதை நான் சொன்னேன். அதற்குப் பிறகு அன்று முழுவதும் நீ பேசவில்லை. நான் நீட்டிய தண்ணீரை வாங்காமல், சுமைதூக்கும் ஆட்களில் ஒருவரிடம் கை நீட்டி வாங்கிக் குடித்தாய்.

கூஸ்கோ கிளினிக்கில் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்தாய். மூளையில் நீர் கோத்திருக்கிறது, இன்னும் சில மணி நேரம் மேலேயே இருந்திருந்தால் சொல்ல முடியாது என்றார் டாக்டர். தேறியதும் மச்சு பிச்சுவுக்கு ரயிலில் போகலாம், அந்த ஊர் இதைவிடத் தாழ்வுதான், ஆபத்தில்லை என்று வழிகாட்டி உனக்குச் சொல்லிப் பார்த்தார். நீ சுவரைப் பார்த்துக்கொண்டு, "ரயில்ல போய்ப் பார்க்கிறதுக்கு காலண்டரே போதும்" என்றாய். அவர் போன பிறகுதான் என்னிடம் பேசினாய். சத்தமே இல்லாமல்.

"கை குடுத்தவளே காலை வாரிட்டியேடி."

தலையணைக்குப் பக்கத்திலிருந்த ஆக்சிமீட்டரை என் மடியில் போட்டாய். "நீயே வச்சுக்கோ."

ஐந்து மாதம் பேசவில்லை. இந்தியக் கடையில் என்னைப் பார்த்ததும் வண்டியைத் திருப்பிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனாய். ஒரு சனிக்கிழமை காலையில் ஷூ போட்டுக்கொண்டு வாசலில் நின்றாய். "நடக்க வர்றியா, இல்ல தூங்கப் போறியா?" பெருவைப் பற்றி இருவருமே பேசவில்லை. மலை உச்சியில் தண்ணீர் குடிக்கும்போது மட்டும், "அடுத்த வருஷம். மூணு நாள் கூஸ்கோல உக்காந்துட்டுத்தான்" என்றாய்.

அடுத்த வருடம் கணையத்தில் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். பதினோரு வாரம். அந்த உயரத்தில் நடந்ததற்கும் இதற்கும் ஏதாவது சம்பந்தம் இருக்குமா என்று உன் டாக்டரைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். இல்லவே இல்லை என்றார். நான் இன்னொரு முறையும் கேட்டேன்.

கடைசி வாரத்தில் ஒரு நாள் நர்ஸ் உன் விரலில் மாட்ட அதே மாதிரி கருவியோடு வந்தார். நீ போர்வைக்குள் கையை இழுத்துக்கொண்டு, என் இடது கையைப் பிடித்து அவர் பக்கம் நீட்டினாய். "டேக் ஹெர்ஸ். ஷி ஹேஸ் குட் நம்பர்ஸ்." நர்ஸ் சிரித்தார். நீ என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னாய்: "இந்தத் தடவையும் போட்டுக் குடுத்துடாத."

நான் சிரித்தேன். உன்னிடம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. காலை வாரியதற்கு நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. அந்த மழையில், ஜிப்புக்கு வெளியே, சிரித்துக்கொண்டே உனக்காகக் கை நீட்டினேனே, அதற்குத்தான். அறுபத்தெட்டு என்று அன்று சாயங்காலமே சொல்லியிருந்தால், அப்போதே இறங்கி, இரண்டே நாளில் தேறி, திட்டிக்கொண்டே என்னோடு ரயிலேறியிருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். ஏறியிருக்கமாட்டாய் என்றும் தெரியும்.

நேற்று விரலில் எண் வர நேரம் பிடித்தது. பாட்டரி பலவீனம் போல. தொண்ணூற்றேழு என்று காட்டியது. வலது கையில் மாட்டினால் அது என் எண். இடது கையில் வருவதை என்னுடையது என்று என்னால் இன்னும் நினைக்க முடியவில்லை.

"ஆர் யூ ஓகே?" என்றாள் மகள்.

பாட்டரிகளைக் கழற்றிக் கொடுத்தேன். பரீட்சை முடிந்ததும் திருப்பிக் கொண்டுவந்து போட்டுவிடச் சொல்லியிருக்கிறேன்.