ரயில் கீறிய கோடு

என் அன்பான பவானிக்கு,

இஞ்சேரும், நீர் நோயில் கண்ணை மூடி ஒரு மழைக்காலமும் முடிந்துவிட்டது. முதலில் உமக்குப் பிடித்த செய்தியைச் சொல்கிறேன். உம்முடைய இயந்திரம் இன்னும் வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு எடுத்த அனெக்ஸின் மூலையில்தான் நிற்கிறது. வீட்டுக்கார அன்ரி அந்த இடத்தில் பூச்சாடி வைக்கலாமே என்று கேட்டா. விடுவேனா?

பூமி அதிர்ச்சியைப் பிடிக்கப் போகிறேன் என்று நீர் இஸ்திரிப் பெட்டியைக் கம்பியில் தொங்கவிட்டபோது நான் சிரித்தேன். பெட்டியில் ஓர் ஊசி. அதன் முன்னால் பால்மா டின்னில் சுற்றிய, விளக்குப் புகை பிடித்த தாள். டின்னைச் சுழற்ற எங்கள் மேசை மணிக்கூடு. நிலம் நடுங்கினால் கறுப்பில் வெள்ளைக் கோடு நெளியும் என்றீர். நெளிந்தது. ஆனால் பூமியால் அல்ல, பின்னால் கடற்கரையோரம் போகும் ஒவ்வொரு ரயிலாலும். "இந்தக் கோச்சியாலை ஒண்டையும் பிடிக்கேலாமக் கிடக்கு" என்று நாள் முழுக்கப் புறுபுறுத்தீர்.

பிறகு ஆமிக்காரர் வீட்டைச் சோதிக்க வந்தார்கள். தமிழ் வீடு, மணிக்கூடு, அதிலிருந்து ஓடும் நூல். பார்க்கிறவன் குண்டு என்றுதானே நினைப்பான்? "மேக்க மொகக்த?" என்று, இது என்னவென்று கேட்ட ஆமிக்காரனுக்கு, "பூமிகம்பா பலன்ன, மஹத்தயா", பூமி அதிர்ச்சி பார்க்கத்தான் ஐயா என்று, சிங்களத்திலேயே நீர் பாடம் எடுக்கத் தொடங்கினீர். விஞ்ஞான ரீச்சர் அல்லவா! அவனோ மணிக்கூட்டையே பார்த்தான். அதைக் கழற்றச் சொல்லிவிட்டுப் போனான். அவ்வளவோடு போனதே பெரிய காரியம்.

மணிக்கூடு சமையல் நேரம் பார்க்கக் குசினிக்குப் போனது. நீர் விடவில்லை. ஓட்டை வாளியில் தண்ணீர் சொட்டுச் சொட்டாய் வடிய, மிதக்கும் கட்டை கீழிறங்க, அதில் கட்டிய நூல் டின்னைச் சுழற்றியது. வாளி நிறைந்திருந்தால் வேகம், குறையக் குறைய மந்தம். நிலம் அதிர்ந்தது தெரியும், எப்போது என்று தெரியாது. நேரம் இல்லாத விஞ்ஞானமா என்று சீண்டினேன்.

"ஏன், கோச்சி இருக்குத்தானே? காலமை கந்தோருக்குச் சனம் போற கோச்சிக்கும் அடுத்த கோச்சிக்கும் இடையிலை அதிர்ந்ததெண்டு எழுதலாம்" என்றீர். அதுவரை குப்பை என்று தள்ளிய நெளிவுகளே உமக்கு மணிக்கூடாகிவிட்டன. ரயில் பிந்தினால் உம்முடைய பூமியும் பிந்தித்தான் நடுங்கும் என்றேன். நீரும் சிரித்தீர். கருவி மாறினால் அது சொல்வதும் மாறும், கேட்கத் தெரிய வேண்டும் என்றீர். அப்போது எனக்கு விளங்கவில்லை.

போன வாரம் விளங்கியது. நகர மையத்தில், கோட்டைப் பக்கம் குண்டு வெடித்ததாக வானொலி சொன்னது. எங்கள் மகள் சுபாவுக்கு அங்கேதான் வேலை, மாலை ரயிலில் வருகிறவள். தொலைபேசி கிடைக்கவில்லை. தெருவில் போய் நிற்க அன்ரி விடவில்லை. வாளியை நிரப்பிவிட்டு உம்முடைய ஊசியின் முன்னால் உட்கார்ந்தேன்.

கோடு நேராகவே போனது. நேர்க்கோடு என்றால் நிலம் அமைதியாக இருக்கிறது என்பீர். அந்த அமைதிதான் எனக்குப் பயமாக இருந்தது. ரயில்களை நிறுத்திவிட்டார்கள் என்பதைத் தவிர அதில் வேறு என்ன வாசிக்க? சுபா எங்கே என்று ஓர் இஸ்திரிப் பெட்டிக்குத் தெரியுமா, பவானி?

இருட்டத் தொடங்கும்போது ஊசி நடுங்கியது. என் கால்தான் ஆடுகிறது என்று நினைத்து, காலைத் தூக்கிக் கதிரையில் வைத்தேன். அப்போதும் நெளிந்தது. ரயில்! எழுந்து ஓடினேன்.

"அப்பா, ஏன் செருப்பில்லாம நிக்கிறியள்?" என்று எங்கள் ஒழுங்கை தெருவைத் தொடும் முனையில் சுபா கேட்டாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்து தாளைக் காட்டினேன். குனிந்து, தான் வந்த ரயிலின் நெளிவைப் பார்த்தாள்.

"அம்மா என்னைப் பிடிச்சிட்டா" என்றாள்.

வாளி காயாமல் பார்த்துக்கொள்கிறேன். சண்டை முடிகிற நாளில் குசினியிலிருந்து அந்த மணிக்கூட்டைக் கொண்டுவந்து பழையபடி டின்னோடு நானே பூட்டிவிடுவேன். அதன் பிறகு உம்முடைய பூமி எப்போது நடுங்கினாலும் சரியான நேரத்தைச் சொல்கிறேன்.

இப்போதும் உம்மைச் சீண்டிக்கொண்டிருக்கும்,
உம்முடைய மனுசன்