மாடியிலிருந்து இறங்கும் இரண்டு குழாய்கள்

ஜனவரி 7, செவ்வாய்

இந்த நேரத்தில் உன்னைத் திறப்பதற்கு மன்னித்துக்கொள், நோட்டே. கினான் இப்போதுதான் கண்ணயர்ந்தான். மூன்றரை மாதப் பிள்ளையைக் குளிப்பாட்ட நாள் முழுக்கத் திட்டம் போட வேண்டியிருக்கிறது. இன்றும் பாதிக் குளியலில் தண்ணீர் வெதுவெதுப்புக்கு இறங்கிவிட்டது. உடம்பெல்லாம் சோப்பு, உதடு நீலம், ஒரே கத்தல். ஒரு கையில் அவன், மறு கையில் கெட்டில். வெளியே ஆலங்கட்டி. அம்மான் நகரத்தில் ஜனவரி என்றால் வீட்டுக்குள்ளும் ஜனவரிதான்.

மொட்டை மாடியில் இருநூறு லிட்டர் சூரிய ஹீட்டர் நிற்கிறது. வெயில் இல்லாத நாளுக்கு மின்சாரமும் உண்டு. எங்களுக்கும் கீழ்வீட்டுக்கும் பொது. கீழ்வீட்டில் என் கணவரின் அண்ணனும் அவர் மனைவி ஃபிர்யால் அக்காவும்.

இருநூறு லிட்டர். எங்கே போகிறது?

ஜனவரி 9

என் கணவர் முஹன்னத் ஹீட்டரின் சூட்டைக் கூட்டி வைத்தார். மாடியில் அதன் வெயில் பிடிக்கும் கண்ணாடியைத் துடைத்தார். வெளிக்குழாய் முழுக்கப் பழைய கம்பளியைச் சுற்றினார். ஒரு மாற்றமும் இல்லை. "இனி என்ன, சூரியனைக் கயிறு கட்டி இழுத்துட்டு வரணுமா?" என்கிறார். சிரிப்பு வரவில்லை.

ஜனவரி 12, ஞாயிறு

குடிநீர்க் குழாயில் தண்ணீர் விடும் நாள். தெரு முழுக்கத் துவைக்கிறது, கழுவுகிறது. நான் கீழே போனேன். ஃபிர்யால் அக்கா காபி கொடுத்தாள். அவள் சமையலறையில் என் கோப்பையைக் கழுவப் போனேன் — கை சுட்டுவிட்டது.

"பாத்து, ருபா கண்ணு! ஹம்மாம் குளியல்கூடத் தண்ணி மாதிரி கொதிக்குது" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். படியேறும்போது சிரிப்பு நின்றுவிட்டது. அதே தொட்டி. அங்கே கொதிக்கிறது, எனக்கு மிச்சம் வருகிறது.

இப்படி நினைக்கலாமா? பிரசவம் ஆகி நாற்பது நாளும் என்னைத் தாங்கியவள். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் அவள்தான் கராவியா என்ற பிரசவ இனிப்புக் கஞ்சியைக் காய்ச்சி, மேலே பாதாம் பருப்புத் தூவிக் கொடுத்தாள். தையல் எரிகிறது என்று நான் அழுதபோது, கழிவறையில் கழுவும் ஸ்பிரே குழாய்க்கு வெந்நீரும் சேர்த்து இணைக்க ஆள் பிடித்து வந்ததும் அவளே. "நீ குனியவே வேணாம். ரெண்டு திருகும் திறந்தே கிடக்கட்டும். நுனியை அழுத்தினாப் போதும், இதமா வரும்." இன்றும் மாலை ஆறு மணிக்கு மேலே வந்து கினானைக் குளிப்பாட்டுகிறாள்.

அப்படிப்பட்டவளைப் பற்றித்தான் நினைக்கிறேன்.

ஜனவரி 15

சுவருக்குள் தண்ணீர் ஓடும் சத்தத்தைக் கேட்டபடியே உட்கார்ந்திருக்கிறேன். காலையில் இரண்டு தடவை. மதியம் ஒரு தடவை, நீளமாக. "நீ என்ன போலீஸா?" என்றார் முஹன்னத். பிள்ளைக்குச் சளி கட்டியிருக்கிறது. நெஞ்சு கர்கர் என்கிறது. டாக்டர் குளிர் படாமல் பார்க்கச் சொன்னார். எப்படிப் பார்ப்பது?

ஜனவரி 17, வெள்ளி

துணி காயப்போடுவது போல மாடிக்குப் போனேன். தொட்டியிலிருந்து இரண்டு குழாய் இறங்குகிறது, இரண்டுக்கும் தனித்தனி வால்வு. கீழ்வீட்டு வால்வை மூடினேன்.

ஜனவரி 18

எழுதாமல் இருந்தால் நடக்காததாகிவிடுமா?

வால்வை மூடியும் காலையில் எனக்கு வெதுவெதுப்புதான். அப்போதாவது யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அவள் நேற்றே தொட்டியைக் காலி செய்துவிட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆறு மணிக்கு வந்தாள். தலையில் ஈரத்துண்டு.

"தலைக்கு ஊத்தறப்ப வெறும் பச்சைத்தண்ணிதான் வந்துச்சு. மேல போய்ப் பாத்தா வால்வு மூடியிருக்கு. யாரு, நீயா?"

"நான்தான். பிள்ளைக்கு வேணும்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, கண்ணு. நான் குளிக்காமலே இருந்திருப்பேன்."

அந்தப் பெருந்தன்மைதான் எனக்கு எரிந்தது. சொல்லிவிட்டேன். "குழந்தை குட்டி இல்லாத வீட்டுக்கு இவ்வளவு சுடுதண்ணி எதுக்கு?"

கல்யாணமாகி ஒன்பது வருஷம் அவளுக்கு. எத்தனை மருத்துவமனை, எத்தனை ஊசி. எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

கையிலிருந்த கினானின் துண்டை நான்காக மடித்து நாற்காலியில் வைத்தாள். "சரி, உம்மு கினான்" என்றாள்.

கினானின் அம்மா. பிள்ளை பிறந்த நாளிலிருந்து தெருவே என்னை அப்படித்தான் கூப்பிடுகிறது. அவள் மட்டும் கூப்பிட்டதில்லை.

ஜனவரி 19

வால்வை முஹன்னத் போய்த் திறந்துவிட்டார்.

ஆறு மணி. ஆறரை. ஏழு.

ஜனவரி 23

என் கையில் பிள்ளை விறைக்கிறான். அவள் இடது முழங்கையில் கழுத்தைத் தாங்குவாள், ஏதோ முணுமுணுப்பாள், இவன் அப்படியே கிடப்பான். என்ன முணுமுணுத்தாள்? ஒரு நாளும் கவனிக்கவில்லையே.

ஜனவரி 28

ப்ளம்பர் அபூ ஸஃப்வான் வந்தார். மாடியில் குழாயைத் தொட்டதும் கையை உதறினார். "மேல நெருப்பா இருக்கும்மா. வழியிலதான் ஏதோ கலக்குது." வீட்டுக்குள் ஒவ்வொரு குழாயாகப் பார்த்தார். கடைசியில் கழிவறையிலிருந்து குரல். "உம்மு கினான், இங்க வாங்க. இந்த ஸ்பிரேக்கு ரெண்டு திருகும் எப்பவும் திறந்தா இருக்கும்?"

"ஆமா. பிரசவத்திலேர்ந்து."

"நுனி மூடியிருக்கு, உள்ள ரெண்டும் ஒண்ணாச் சேர்ந்திருக்கு. பச்சைத்தண்ணி வேகமா வந்து வெந்நீர்க் குழாயில ஏறிடுது. நீங்க எந்தக் குழாயைத் திறந்தாலும் கலந்துதான் வரும். கீழ்வீட்டுக்கு இந்தத் தொல்லை இருக்காதே?"

"இல்லை" என்றேன்.

இரண்டு திருகையும் மூடினார். அரை நிமிஷ வேலை. சமையலறைக் குழாயில் ஆவி பறந்தது. "டீயே போடலாம் போல" என்று சிரித்தார்.

என் தையல் நோகக் கூடாதென்று அவள் செய்து கொடுத்தது. தையல் ஆறி எத்தனை நாள்! மூட எனக்குத் தோன்றவேயில்லை. எல்லாருடைய தண்ணீரையும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 3

கீழே போனேன். அண்ணன்தான் கதவைத் திறந்தார். "தலைவலின்னு படுத்திருக்கா, தங்கச்சி." உள்ளே அவள் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

பிப்ரவரி 8, சனி

காலையிலிருந்து கீழே துளை போடும் சத்தம். மதியம் மாடிக்குப் போனேன். கீழ்வீட்டுக்குப் போகும் குழாயை அறுத்து, மூடி போட்டு இறுக்கியிருக்கிறார்கள். அவள் வீட்டில் தனியாக மின்சார ஹீட்டர் மாட்டியாகிவிட்டதாம்.

இனி இருநூறு லிட்டரும் எனக்கே. மாலை கினானைக் குளிப்பாட்டினேன். தண்ணீர் கடைசிவரை சூடு ஆறவில்லை. அவனும் கடைசிவரை அழுகையை நிறுத்தவில்லை.

கீழே எழுதியிருப்பதை வேறு தாளில் படியெடுத்து அவள் கதவுக்கடியில் தள்ளிவிட்டு வந்தேன்:

அக்கா, தப்பு என் வீட்டுக் குழாயில். என் பங்குல நீங்க எடுத்தது ஒரு சொட்டும் இல்லை. நான் சொன்னதை மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாயில்லை. குளிப்பாட்டும்போது அவன் காதுல என்ன சொல்வீங்கன்னு மட்டும் எழுதி அனுப்புங்க. சீக்கிரம் பதில் போடுங்க.

ருபா