சகலைக்கு ஓவர்டைம் நின்ற செய்தி

அன்புள்ள தங்கத்துக்கு,

உன் முதுகுவலி குறைந்ததா? நான் நலம்.

பக்கத்து நாட்டுக் கார் ஆலையில் உன் தங்கை வீட்டுக்காரருக்கு ஓவர்டைம் நின்றுவிட்டதாக எழுதியிருந்தாய். எந்நேரமும் அவர் பெருமையையே கேட்டு வெந்துபோயிருந்த எனக்கு, படித்ததும் உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

அடுத்த வாரமே எங்கள் டயர் ஆலையிலும் பாதி மெஷின்களை நிறுத்திவிட்டார்கள்.

“அங்க கார் செய்யலைன்னா இங்க டயர் எதுக்குய்யா?” என்றார் மேஸ்திரி.

சகலைக்குப் போன் செய்தேன். “உங்களுக்காவது வேலை ஓடுதேன்னு வயிறெரிஞ்சுக்கிட்டு இருந்தேன், சகல” என்றார். இருவரும் சிரித்துவிட்டோம்.

கவலைப்படாதே, என் வேலை போகவில்லை. அறையில் மற்றவர்கள் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். தனியாகப் படுத்தால் குளிருகிறது; உன் பழைய போர்வை ஒன்றைக் கொடுத்தனுப்பு.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. அங்கே வேலை சூடுபிடித்ததாக உன் தங்கை சொன்னால் உடனே எழுது. எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கும். ஆனாலும் இங்கே மெஷின் ஓடும்.

உன் வீட்டுக்காரன்