சனிக்கிழமை முன்சீட்

ஆலிதுஸ்,
ஜூன் 26

ரிம்விதாஸ் அண்ணாவுக்கு,

நான் உக்னே. உங்க ரசிகர் பக்கத்த நடத்தறவ. ஃப்ளையிங் கிளப் வேலிக்கு வெளிய ஸ்டூல் மேல ஏறி நின்னு வீடியோ எடுக்குமே ஒரு பொண்ணு, அது நான்தான்! கமென்ட்ல எழுதினா எவனெவனோ நடுவுல மூக்க நுழைப்பான், அதான் மெயில்.

அண்ணா, நீங்க உயிரோட இருக்கீங்க, அது போதும்! யோனினெஸ் கோடைத் திருவிழா அன்னைக்கு விமானத்தத் தலைகீழா ஓட்டிக்கிட்டு எங்க தலைக்கு மேலயே வந்தீங்களே! கூட்டம் சிதறி ஓடிச்சு. எங்கம்மா விழுந்து மணிக்கட்ட உடைச்சுக்கிச்சு. முடி வெட்டிப் பொழைக்கிற கை. இப்ப மாவுக்கட்டோட உக்காந்துக்கிட்டு, "எங்க உன் விமானக்காரன்? அவனையே வந்து என் கஸ்டமருக்கெல்லாம் முடி வெட்டச் சொல்லு"ன்னு நாள் பூரா ஏச்சு.

"அம்மா, தப்பு அவர் மேல இல்ல, மெக்கானிக் மேல"ன்னு சொல்லிட்டேன். உங்க பேட்டிய பத்து வாட்டி பார்த்திருப்பேன். விமானத்துக்குள்ள ஸ்க்ரூடிரைவர மறந்து விட்டுட்டாராமே அந்தக் கேஸ்தாஸ்! தலைகீழா போறப்ப அது மிதந்துபோய், விமானத்த ஏத்தி இறக்கற ஸ்டிக்கோட அடியில மாட்டிக்கிச்சு, ஸ்டிக் அசையல, அதான் மேல ஏற முடியலன்னு சொன்னீங்க. ச்சீ! வீட்ல சிமுலேட்டர்ல ஓட்டிக் கத்துக்கிட்ட எனக்கே தெரியும், ஏறுறதுக்கு முன்னாடி பாக்கெட்ட காலி பண்ணணும், ஒரு சில்லறைக் காசு கூட உள்ள கிடக்கக் கூடாதுன்னு. முப்பது வருஷமா அங்கயே கிடக்கற மனுஷனுக்குத் தெரியாதா?

விடுவேனா? அந்த ஆள வச்சு ஒரு வீடியோ போட்டுட்டேன். தோள்ல எண்ணெய்த் துணி, மீசையில பீட்ரூட் சூப்பு. "இந்த நாத்தத் துணிக்காரர் கையிலயா நம்ம அண்ணன் உயிரு?"ன்னு எழுதி, கீழ பன்னி உறுமுற சத்தம். செம ஓட்டம் ஓடுது! அந்த மூஞ்சியப் பார்த்தாலே குமட்டுது எனக்கு.

உங்க வெறித்தனமான ரசிகை,
உக்னே

•

ஜூன் 28

உக்னே குட்டி,

உன் மெயிலப் படிச்சுட்டு மனசு நெறஞ்சுபோச்சுடா. அம்மாவுக்கு என் சார்பா ஒரு பெரிய சாக்லேட் பெட்டி வாங்கிக் குடு.

உன் வீடியோவ விமானம் நிக்கிற ஹேங்கர்ல எல்லாரும் சேர்ந்து பார்த்தோம். பன்னிச் சத்தத்துக்கு விழுந்து விழுந்து சிரிச்சானுங்க. கேஸ்தாஸ வேலைக்கு வரவேணாம்னு சொல்லியாச்சு. விசாரணை முடிஞ்சா லைசென்ஸும் போயிடும். பாவம்தான். ஆனா வானம் பாவ புண்ணியம் பார்க்காதுடா.

ஒண்ணு பண்ணேன். அன்னைக்கு நீ எடுத்தத எல்லாம் சேர்த்து அழகா ஒரு வீடியோ போடு. செத்துப் பொழைச்சவன் கதை. ஜனங்க அழணும்.

அன்புடன்,
உன் ரிம்விதாஸ் அண்ணன்

•

ஆலிதுஸ்,
ஜூலை 3

ரிம்விதாஸ் அண்ணாவுக்கு,

நீங்க சொன்ன வீடியோவுக்கு உக்காந்தேன். இன்னும் முடிக்கல. ஒரு எடத்துல மாட்டிக்கிட்டேன்.

எல்லாரும் வானத்தத்தான் எடுப்பாங்க. எனக்குப் பிடிச்சது அதுக்கு முன்னாடி நீங்க தரையில ஆடுறதுதான். கண்ண மூடிக்கிட்டு, உள்ளங்கைய விமானமா வச்சு, அன்னைக்கு அடிக்கப்போற ஒவ்வொரு குட்டிக்கரணத்தையும் காங்கிரீட் மேல நடந்து நடந்து பார்ப்பீங்களே. விவரம் தெரியாதவங்க பைத்தியம்னு நினைப்பாங்க. எனக்கு அந்தக் கைய வாசிக்கத் தெரியும். நெஞ்சு உயரம்னா பாதுகாப்பான உயரம். கீழ போகப் போக ஆபத்து.

அண்ணா, கடைசியில உங்க கை தலைகீழாப் பொரண்டு முழங்காலுக்கும் கீழ போகுது. போய், கூட்டம் நிக்கிற பக்கமாத் திரும்புது. அப்படியே நாலஞ்சு அடி நடக்கறீங்க. அப்புறம்தான் மேல ஏறுது. ஏறும்போது ஒத்தக் கண்ணத் திறந்து என் கேமராவப் பார்த்துச் சிரிக்கறீங்க.

மேல நடந்தது அச்சு அசல் இதேதான். வானத்துல ஸ்டிக் மாட்டிக்கிச்சுன்னு சொன்னீங்க, சரி. தரையில ஏது ஸ்டிக்கு?

பேட்டியில ஒரு ஸ்க்ரூடிரைவரத் தூக்கிக் காட்டுனீங்களே, அது எங்கேர்ந்து வந்துச்சு?

நான் தப்பா வாசிச்சிருக்கணும். தப்புன்னு சொல்லிடுங்க, ப்ளீஸ். ரெண்டு நாளா அந்தத் துண்டையே ஓட்டி ஓட்டிப் பார்க்கறேன்.

உக்னே

•

ஜூலை 4

என் செல்லத் தங்கச்சிக்கு,

அடேங்கப்பா, கண்ணா அது! போட்டியில மார்க் போடற பெரிய பெரிய ஜட்ஜுங்களுக்கே இப்படி வாசிக்க வராது.

கை சும்மா ஆடும்டா. அதுக்கெல்லாம் அர்த்தம் பார்ப்பாங்களா? தரை ஆட்டம் ஒரு பைலட்டோட பிரார்த்தனை மாதிரி, அத ஊருக்குக் காட்டக் கூடாது. அந்தத் துண்ட மட்டும் வெட்டிடு. வேற யார்கிட்டயும் அது இல்லதானே?

நிஜத்தச் சொல்லவா? ஜனங்க எதுக்கு வர்றாங்க? செத்துடுவானோன்னு பார்க்கத்தான். கேஸ்தாஸ் அடுத்த வருஷம் எப்படியும் ஓய்வுல போறவரு. மீன் பிடிச்சுக்கிட்டு நிம்மதியா இருப்பாரு. என் லைசென்ஸ் போச்சுன்னா நான் யாரு, சொல்லு?

சனிக்கிழமை வா. முன்சீட் உனக்குத்தான். நீ ஆசப்பட்ட கரணம் எல்லாம் அடிக்கலாம். ஸ்டிக்க உன் கையிலயே தர்றேன்.

உன் ரிம்கா அண்ணன்

•

ஆலிதுஸ்,
ஜூலை 12

ரிம்விதாஸ் அவர்களுக்கு,

உங்க மெயிலப் படிச்சதும் முதல்ல எனக்கு வந்தது கோபம் இல்ல. சந்தோஷம். முன்சீட்! கண்ணாடி முன்னாடி நின்னு ஹெட்செட்ட மாட்டிப் பார்த்தேன். அந்த நேரத்துல அம்மா சமையக்கட்டுல ஒத்தக் கையால பிரெட் வெட்டப் பார்த்து, பலகையே கீழ விழுந்துச்சு. அந்தச் சத்தத்துலதான் கண்ணாடியில என் இளிப்பப் பார்த்தேன். தூ. என் மேலயே அவ்ளோ அருவருப்பு எனக்கு எப்பவும் வந்ததில்ல.

கேஸ்தாஸ் ஐயா வீட்டுக்குப் போனேன். அவர்கிட்ட தூண்டிலே கிடையாது, தெரியுமா? கதவப் பாதி திறந்து, "நாத்தத் துணின்னு போட்டது நீதானா?"ன்னு கேட்டார். ஆமான்னேன். "என் பொண்ணோட ஆபீஸ்ல எல்லாரும் பன்னி மாதிரி கத்துறாங்களாம்"னார். மன்னிச்சிடுங்கன்னேன். "நீ யாரும்மா எனக்கு, மன்னிக்கறதுக்கு"ன்னு சொல்லிட்டுக் கதவச் சாத்திட்டார். வீடியோவ அழிச்சுட்டேன். அழிஞ்சா போகுது? நாலு பேர் இறக்கி வச்சு மறுபடி மறுபடி போடறாங்க.

உங்ககிட்ட எனக்குக் குமட்டுறது அந்தக் கரணம் இல்ல. பைத்தியக்காரத்தனம்னு அத விட்டுத் தொலைச்சிருப்பேன். தரையிறங்கி, அந்தக் கூச்சல் அடங்கறதுக்குள்ள, உங்க விமானத்தோட வயித்தத் துடைக்கிற மனுஷனோட டூல் பெட்டியில கைய விட்டு அந்த ஸ்க்ரூடிரைவர எடுத்தீங்களே, அது. அப்புறம் "செல்லத் தங்கச்சி"ன்னு கூப்பிட்டீங்களே, அது. அந்த வார்த்தையப் படிச்சுட்டுப் பல் தேய்க்கணும் போல இருந்துச்சு.

சனிக்கிழமை கிளப் வாசல் வரைக்கும் வந்தேன். நீங்க விமானத்துக்குப் பக்கத்துல நின்னு கையாட்டுனீங்க. முன்சீட் மேல இருக்கற கண்ணாடி மூடி திறந்திருந்துச்சு. வெயில்ல சும்மா தகதகன்னு. ஏறுறதுக்கு முன்னாடி பாக்கெட்ட காலி பண்ணணும் இல்லையா? காலி பண்ணேன். நீங்க கையெழுத்துப் போட்ட தொப்பிய வேலியில மாட்டினேன். உங்களுக்காக வாங்கிட்டு வந்த சாவிக்கொத்து குப்பைத்தொட்டிக்குள்ள போச்சு. மெமரி கார்டு மட்டும் பாக்கெட்லயே இருந்துச்சு. அத எடுத்துக்கிட்டு ஆபீஸ் ரூமுக்குள்ள போய், அங்க உக்காந்திருந்த விசாரணைக்காரங்க மேசையில வச்சேன்.

அவங்களுக்குக் கை வாசிக்கத் தெரியல. நானே எழுந்து, கண்ண மூடி, உங்க ஆட்டத்த முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் ஆடிக் காட்டினேன். முழங்காலுக்குக் கீழ கை போனப்ப ஒருத்தர் வீடியோவ நிறுத்தி, என் கையோட ஒப்பிட்டுப் பார்த்து எழுதிக்கிட்டார்.

நீங்க வெளிய இன்னும் கையாட்டிக்கிட்டுதான் இருந்தீங்க.

உக்னே